இலங்கை அணியின் சாதனைப் பட்டியலைப் பிழையில்லாமல் தொகுக்கும் முறை

பாடசாலை ஆண்டு மலருக்காகவோ வினாடி வினாப் போட்டிக்காகவோ இலங்கை கிரிக்கெட் அணியின் வரலாற்றைத் தொகுக்கிறவர்கள் முதலில் எடுத்துப் போடுவது மூன்று செய்திகளை: 1996இல் லாகூரில் வென்ற உலகக் கிண்ணம், முரளிதரனின் 800 டெஸ்ட் விக்கெட்டுகள், இந்தியாவுக்கு எதிராக ஒரே டெஸ்ட் இன்னிங்ஸில் எடுத்த 952 ஓட்டங்கள். மூன்றும் உண்மை. ஆனால் மூன்றிலும் வழுக்கி விழ இடம் இருக்கிறது. 1996 உலகக் கிண்ணத்தில் இலங்கை ஆடி வென்றவை எத்தனை போட்டிகள்? 800 விக்கெட்டுகளும் இலங்கைக்காக எடுக்கப்பட்டவையா? 952இல் ஜயசூரிய குவித்த 340 இன்றும் இலங்கையின் உச்சமா? எதை எண்ணப் போகிறோம் என்பதை முதலிலேயே எழுதி வைக்காத பட்டியல் இப்படியான கேள்விகளில் தடுமாறும்.

எந்த நாளிலிருந்து எண்ணுவது

தொடங்குமுன் ஒரு தாளில் இந்த நாள்களைக் குறித்துக்கொள்ளுங்கள். 1965இல் சர்வதேச கிரிக்கெட் பேரவையில் இணை உறுப்புரிமை. 1972இல் நாட்டின் பெயர் சிலோன் என்பதிலிருந்து ஸ்ரீலங்காவாக மாறியது. 1975 ஜூன் 7 அன்று ஓல்ட் டிராபர்டில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக முதல் ஒருநாள் சர்வதேசப் போட்டி; 86 ஓட்டங்களுக்குச் சுருண்டு 9 விக்கெட்டுகளால் தோல்வி. 1981 ஜூலை 21இல் முழு உறுப்புரிமை. 1982 பெப்ரவரி 17இல் கொழும்பு பி. சரவணமுத்து மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராக முதல் டெஸ்ட். 2006 ஜூன் 15இல் சௌதாம்ப்டனில் முதல் சர்வதேச இருபது-20. அதில் இங்கிலாந்தை 2 ஓட்டங்களால் வென்றது.

இந்த நாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி வராதது கவனிக்க வேண்டியது. முழு உறுப்புரிமை கிடைக்கும் முன்பே ஒருநாள் கணக்கு தொடங்கிவிட்டது. உலகக் கிண்ணப் போட்டிகளுக்கு அதிகாரபூர்வ ஒருநாள் தகுதி இருந்ததே காரணம். அதனால்தான் 1979இல் இந்தியாவை 47 ஓட்டங்களால் வீழ்த்திய ஆட்டம், டெஸ்ட் தகுதிக்கு இரண்டு ஆண்டுகள் முந்தையதாக இருந்தும், அதிகாரபூர்வ ஒருநாள் வெற்றியாக நிற்கிறது. "1981இல்தான் இலங்கை சர்வதேச கிரிக்கெட்டுக்குள் வந்தது" என்று எழுதினால் அந்த வெற்றிக்கு இடமே இல்லாமல் போகும்.

1975க்கு முந்தைய காலத்துக்குத் தனிப் பட்டியல் போடுங்கள். டெஸ்ட் பட்டியலோடு கலக்கவும் வேண்டாம், விட்டுவிடவும் வேண்டாம். இதை அழுத்திச் சொல்லக் காரணம் மகாதேவன் சதாசிவம். 1947இல் சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக 215 ஓட்டங்கள் எடுத்தவர். 1948இல் இங்கிலாந்து போகும் வழியில் பிராட்மனின் ஆஸ்திரேலிய அணி கொழும்பில் ஆடியபோது சிலோனின் தலைவர். அவர் பெயர் எந்த டெஸ்ட் அட்டவணையிலும் வராது. 1952-53 பருவத்தில் தொடங்கிய எம். ஜே. கோபாலன் கிண்ணமும் அப்படித்தான். சென்னை மாநில அணியும் சிலோனும் மோதிய அந்தத் தொடர்தான் டெஸ்ட் தகுதிக்கு முந்தைய தலைமுறைக்கு வழக்கமான வெளிநாட்டு ஆட்டமாக இருந்தது. 1965 ஜனவரியில் அகமதாபாத்தில் மைக்கேல் திசேராவின் அணி இந்தியாவை வென்றதும் இந்தத் தனிப் பட்டியலில் வரவேண்டியது. பக்கத்தில் "அதிகாரபூர்வமற்ற டெஸ்ட்" என்று குறித்தால் போதும்.

1982-83இல் பந்துல வர்ணபுர தலைமையில் ஓர் அணி தென்னாபிரிக்காவுக்குச் சென்றது. நிறவெறி ஆட்சிக்கு எதிரான தடையை மீறிய அந்தச் சுற்றுப்பயணத்தில் சென்றவர்களுக்கு 25 ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது. அந்த ஆட்டங்களை அணியின் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஆனால் முதல் டெஸ்ட் தலைவர் வெறும் 4 டெஸ்ட்களோடு ஏன் மறைந்தார் என்பதற்கு விளக்கம் அதில்தான் இருக்கிறது. அதைச் சொல்லாமல் வர்ணபுரவின் பெயரை மட்டும் போட்டால், அவர் ஆட்டத்திறன் குறைந்து ஒதுக்கப்பட்டார் என்றே வாசகர் நினைப்பார். அது அநியாயம்.

அட்டவணையின் நிரல்கள்

ஒரு விரிதாளில் ஒவ்வொரு போட்டிக்கும் ஒரு வரி. நிரல்கள் பத்து போதும்: தொடங்கிய திகதி, முடிந்த திகதி, போட்டி வகை, எதிரணி, மைதானம், நகரம், தலைவர், நான்கு இன்னிங்ஸ்களின் எண்ணிக்கை (ஒருநாள் என்றால் இரண்டு), முடிவு, குறிப்பு. கடைசி நிரலான குறிப்பைச் சுருக்கிவிடாதீர்கள். பின்னால் வரும் சிக்கல்களில் பாதி அங்கேதான் தீரும்.

திகதிக்கு ஏன் இரண்டு நிரல்கள்? பழைய டெஸ்ட்களில் ஓய்வு நாள் இருந்தது. 1979இல் இந்தியாவுக்கு எதிரான அந்த ஒருநாள் போட்டியே ஜூன் 16 சனிக்கிழமை தொடங்கி, ஞாயிறு ஆட்டமில்லாமல், 18ஆம் திகதிதான் முடிந்தது. ஒரே திகதி மட்டும் வைத்திருந்தால் இரண்டு மூலங்கள் இரண்டு திகதிகளைச் சொல்லும்போது எது பிழை என்று தேடி நேரம் போகும். உண்மையில் இரண்டும் பிழையில்லை.

ஆண்டைக் குறிக்கும்போது பருவத்தையும் ஆண்டையும் குழப்பாதீர்கள். 1982-83 என்பது ஒரு பருவம். துலீப் மெண்டிஸ் சேப்பாக்கத்தில் இரண்டு இன்னிங்ஸிலும் 105, 105 என்று அடித்தது 1982 செப்டெம்பரில். பருவத்தின் பின்பாதியை மட்டும் பார்த்து 1983 என்று எழுதிவிடுவது அடிக்கடி நடக்கிற தவறு.

ஒவ்வொரு வரியையும் கூட்டிப் பாருங்கள்

கணக்கே சிறந்த காவல்காரன். டெஸ்ட் முடிவு ஓட்ட வித்தியாசத்தில் இருந்தால், ஓர் அணியின் இரு இன்னிங்ஸையும் கூட்டி, எதிரணியின் கூட்டுத்தொகையைக் கழித்தால் அந்த வித்தியாசம் வரவேண்டும். இலங்கையின் முதல் டெஸ்ட் வெற்றியை எடுத்துக்கொள்ளுங்கள். 1985 செப்டெம்பர், பி. சரவணமுத்து மைதானம், இந்தியாவுக்கு எதிராக. இலங்கை 385, பின்னர் 3 விக்கெட்டுக்கு 206 எடுத்து ஆட்டத்தை இடைநிறுத்தியது; மொத்தம் 591. இந்தியா 244, 198, மொத்தம் 442. வித்தியாசம் 149. வெற்றி 149 ஓட்டங்களால் என்று பதிவாகியிருக்கிறது. சரி. இது இலங்கையின் 14ஆவது டெஸ்ட்.

விக்கெட் வித்தியாசத்தில் முடிந்தால் இலக்கைக் கணக்கிடுங்கள். 2019 பெப்ரவரி, டர்பன். தென்னாபிரிக்கா 235, 259, இலங்கை 191. 235உடன் 259ஐக் கூட்டி 191ஐக் கழித்தால் 303, இலக்கு 304. இலங்கை 9 விக்கெட்டுக்கு 304. ஒரு விக்கெட் வெற்றி. 226இல் ஒன்பதாவது விக்கெட் விழுந்த பிறகு குசல் ஜனித் பெரேராவும் விஷ்வ பெர்னாண்டோவும் சேர்த்த 78 ஓட்டங்களும் இந்தக் கழித்தலிலேயே தெரிந்துவிடும். பெரேரா ஆட்டமிழக்காமல் 153. அந்தத் தொடரை 2-0 என்று வென்ற இலங்கை, தென்னாபிரிக்க மண்ணில் டெஸ்ட் தொடர் வென்ற முதல் ஆசிய அணியானது.

இந்தக் கணக்கு பொருந்தாத இடம் மழை குறுக்கிட்ட ஒருநாள் போட்டிகள். 2007 உலகக் கிண்ண இறுதி, பிரிட்ஜ்டவுன்: ஆஸ்திரேலியா 38 ஓவர்களில் 4 விக்கெட்டுக்கு 281, இலங்கை 36 ஓவர்களில் 8 விக்கெட்டுக்கு 215. கழித்தால் 66. ஆனால் தோல்வி 53 ஓட்டங்களால். இலங்கையின் இலக்கு, மழையால் ஓவர்கள் குறையும்போது இலக்கைத் திருத்தும் டக்வர்த் லூயிஸ் முறைப்படி, 36 ஓவர்களில் 269 என்று திருத்தப்பட்டது. சமநிலைக்குத் தேவையான 268இலிருந்து 215ஐக் கழித்தால்தான் 53 வரும். "66 ஓட்டங்களால் தோல்வி" என்று ஒரு பட்டியலில் பார்த்தால், அதைத் தொகுத்தவர் பதிவைப் பார்க்காமல் தானே கழித்திருக்கிறார் என்று புரிந்துகொள்ளலாம்.

பந்துவீச்சாளர்களின் ஓட்டங்களைக் கூட்டும்போது இன்னொரு வித்தியாசம் தட்டுப்படும். பந்துவீச்சாளர்கள் கொடுத்த ஓட்டங்களோடு பையும் லெக்பையும் (பந்து மட்டையில் படாமல் ஓடி எடுத்த ஓட்டங்கள்) சேர்த்தால் அணியின் மொத்தம் வரவேண்டும் என்பது இன்றைய விதி. 1980களின் நடுப்பகுதி வரை வைடும் நோபோலும் பந்துவீச்சாளர் கணக்கில் ஏறவில்லை. 1979 அல்லது 1982 புள்ளி அட்டையில் சில ஓட்டங்கள் குறைந்தால் பதற வேண்டாம். உதிரி ஓட்டங்களில் அவை இருக்கும்.

விக்கெட் எண்ணிக்கையும் முழுக் கதையைச் சொல்லாது. 1975இல் லண்டன் ஓவலில் ஆஸ்திரேலியாவின் 328க்குப் பதிலாக இலங்கை 60 ஓவர்களில் 4 விக்கெட்டுக்கு 276. அட்டையை மட்டும் பார்த்தால் நிதானமான ஆட்டம். ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் தொம்சனின் பந்துகள் தாக்கி சுனில் வெத்தமுனி 53உடனும் துலீப் மெண்டிஸ் 32உடனும் களத்தை விட்டு வெளியேறினார்கள் என்பது "காயத்தால் விலகல்" என்ற குறிப்பில்தான் இருக்கிறது. அந்தக் குறிப்பைப் படியெடுக்காமல் விட்டால் அந்த நாளின் துணிச்சலே பட்டியலிலிருந்து மறைந்துவிடும். அக்காலத்து உலகக் கிண்ணங்கள் 1983 வரை 60 ஓவர் ஆட்டங்கள் என்பதையும் சேர்த்துக் குறித்து வையுங்கள்; ஓட்ட வேகத்தை ஒப்பிடும்போது இது தேவைப்படும்.

ஆடாமல் கிடைத்தவை, முடியாமல் போனவை

1996 ஜனவரி 31இல் கொழும்பு மத்திய வங்கி குண்டுத் தாக்குதலுக்குப் பிறகு ஆஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் கொழும்பில் ஆட மறுத்தன. அந்த இரண்டு ஆட்டங்களின் புள்ளிகள் இலங்கைக்குக் கிடைத்தன. இவை போட்டியின் புள்ளிப் பட்டியலில் வரும், ஒருநாள் சர்வதேசப் போட்டிகளின் எண்ணிக்கையில் வராது. ஆடி வென்றவை ஆறு: சிம்பாப்வே, டெல்லியில் இந்தியா, கண்டியில் கென்யா, பைசலாபாத்தில் கால் இறுதியில் இங்கிலாந்து, கொல்கத்தாவில் அரை இறுதியில் இந்தியா, லாகூரில் இறுதியில் ஆஸ்திரேலியா. "எட்டுக்கு எட்டு" என்று எழுதுவதானால், இரண்டு ஆடாமல் கிடைத்தவை என்று அருகிலேயே சொல்ல வேண்டும்.

கொல்கத்தா அரை இறுதி வேறு வகை. இலங்கை 8 விக்கெட்டுக்கு 251. இந்தியா 8 விக்கெட்டுக்கு 120இல் இருந்தபோது பார்வையாளர் குழப்பத்தால் ஆட்டம் நின்றது. போட்டித் தீர்ப்பாளர் இலங்கைக்கு வெற்றியை வழங்கினார். பந்து வீசப்பட்டு ஆடப்பட்ட ஆட்டம் என்பதால் இது ஒருநாள் கணக்கில் வெற்றியாகச் சேரும். முடிவு நிரலில் "131 ஓட்டங்களால்" என்று எழுதக் கூடாது. "வெற்றி வழங்கப்பட்டது" என்று எழுதுங்கள். அந்த உலகக் கிண்ணம் தொடங்கும் முன், கொழும்பு பாதுகாப்பானது என்று காட்ட இந்திய, பாகிஸ்தான் வீரர்கள் ஒரே அணியாக வந்து ஆடிய ஆட்டத்தைக் குறிப்பு நிரலில் சேருங்கள். கணக்கில் வராது என்றாலும் விட்டுவிடக் கூடாத ஒன்று அது.

2002 சாம்பியன்ஸ் கிண்ணத்தின் இறுதிப் போட்டி கொழும்பில் இரண்டு நாள் முயன்றும் மழையால் முடியவில்லை. முதல் நாள் இலங்கை 5 விக்கெட்டுக்கு 244. மறுநாள் தொடர்ச்சியாக ஆடாமல் புதிதாகத் தொடங்கி 7 விக்கெட்டுக்கு 222. இரண்டு நாளும் இந்தியாவின் துடுப்பாட்டத்தில் மழை வந்தது. இலங்கையும் இந்தியாவும் இணைச் சாம்பியன்கள். போட்டிக் கணக்கில் இது முடிவில்லாத இரண்டு ஆட்டங்கள். கிண்ணங்களின் பட்டியலில் "இணை" என்ற சொல்லை விடக் கூடாது.

கிண்ணங்கள் என்று தனிப்பட்டியல் போடும்போது இவை வரவேண்டும்: 1979 ஐ.சி.சி. கிண்ணம் (டெஸ்ட் தகுதி இல்லாத அணிகளுக்கானது), 1996 உலகக் கிண்ணம், 2002 சாம்பியன்ஸ் கிண்ணம் (இணை), டாக்காவின் மிர்பூரில் இந்தியாவை 6 விக்கெட்டுகளால் வென்ற 2014 இருபது-20 உலகக் கிண்ணம், ஆசியக் கிண்ணங்கள் 1986, 1997, 2004, 2008, 2014, 2022. ஆசியக் கிண்ணங்களில் 2022 மட்டும் இருபது-20 வடிவில். இறுதிவரை வந்து தோற்ற உலகக் கிண்ணங்களையும் எழுதுங்கள்: ஒருநாளில் 2007, 2011, இருபது-20இல் 2009, 2012. 2007 முதல் 2014 வரையிலான எட்டு ஆண்டுகளில் ஐந்து உலக இறுதிகள். வென்றதை மட்டும் காட்டும் பட்டியலில் இந்த அணி எவ்வளவு காலம் உச்சியில் நின்றது என்பது தெரியாது.

தனிநபர் சாதனைகள்: யாருக்காக, எதுவரை

முத்தையா முரளிதரனின் 800 டெஸ்ட் விக்கெட்டுகளில் 795 இலங்கைக்காக. மீதி ஐந்து, 2005இல் சிட்னியில் உலக அணிக்காக ஆஸ்திரேலியாவுக்கு எதிராக எடுத்தவை. அந்த ஆட்டத்துக்கு டெஸ்ட் தகுதி வழங்கப்பட்டிருந்தது. வீரரின் பட்டியலில் 800 எழுதுங்கள், அணியின் பட்டியலில் 795. ஒருநாள் புள்ளிகளிலும் இதே சிக்கல் உண்டு. ஜயசூரிய, சங்கக்கார, ஜயவர்தன ஆகியோர் ஆசிய அணிக்காகவும் ஆடியிருக்கிறார்கள். மூலத்தில் "மொத்தம்", "இலங்கைக்காக" என்ற இரண்டு வரிகளும் இருக்கின்றனவா என்று பார்த்துத்தான் எண்ணை எடுக்க வேண்டும்.

அடுத்தது காலம். ஒவ்வொரு சாதனைக்கும் பக்கத்தில் "இன்றும்" அல்லது "அப்போது" என்று எழுதுங்கள். 1996இல் கென்யாவுக்கு எதிரான 5 விக்கெட்டுக்கு 398, 2006 மார்ச் வரை ஒருநாள் உச்சம். அந்த மாதம் ஜொகன்னஸ்பர்க்கில் ஒரே நாளில் இரண்டு அணிகள் அதைத் தாண்டின. சில மாதங்களில், ஜூலையில், நெதர்லாந்துக்கு எதிராக 9 விக்கெட்டுக்கு 443 எடுத்து இலங்கை அதை மீட்டது. 2016இல் இங்கிலாந்து 444 எடுக்கும்வரை அது நின்றது. மாறாக, 1997 ஆகஸ்டில் ஆர். பிரேமதாச மைதானத்தில் இந்தியாவுக்கு எதிராக எடுத்த 6 விக்கெட்டுக்கு 952 டெஸ்ட்டில் இன்றும் உச்சம். அதே இன்னிங்ஸில் ஜயசூரியவும் ரொஷான் மஹாநாமவும் சேர்த்த 576, எந்த விக்கெட்டுக்குமான உச்சமாக இருந்தது. 2006இல் சங்கக்காரவும் மகேல ஜயவர்தனவும் தென்னாபிரிக்காவுக்கு எதிராக 624 சேர்த்ததும் அந்த இடம் போனது. ஆனால் இரண்டாவது விக்கெட்டுக்கு 576தான் இன்னும் முதலிடம். ஜயசூரியவின் 340ஐத் தாண்டியதும் அந்த 2006 ஆட்டத்தில் மகேல எடுத்த 374தான்.

சமிந்த வாஸ் 2001இல் கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானத்தில் சிம்பாப்வேயை 38க்குச் சுருட்டியபோது 19 ஓட்டங்களுக்கு எடுத்த 8 விக்கெட்டுகள், ஆண்கள் ஒருநாள் போட்டிகளின் சிறந்த பந்துவீச்சாக நிற்கிறது. முரளியின் 1998 லண்டன் ஓவல் ஆட்டத்தை எழுதும்போது இன்னிங்ஸ் எண்களையும் தாருங்கள்: 155க்கு 7, 65க்கு 9, மொத்தம் 220க்கு 16.

"முதல்" என்ற சொல்லைக் கூடுதல் கவனத்தோடு பயன்படுத்துங்கள். போட்டியை நடத்திய நாடுகளில் உலகக் கிண்ணத்தை முதலில் வென்றது எது? 1996இல் இலங்கை இணைந்து நடத்திய நாடுகளில் ஒன்று, ஆனால் இறுதி லாகூரில் நடந்தது. சொந்த மண்ணில் இறுதியை முதலில் வென்றது 2011இல் இந்தியா. இரண்டையும் முழு வாக்கியமாக எழுதினால் சண்டை வராது. 1996 இறுதிக்குத் தயங்காமல் தரக்கூடிய "முதல்" ஒன்று இருக்கிறது: உலகக் கிண்ண இறுதியில் இரண்டாவதாகத் துடுப்பெடுத்தாடி வென்ற முதல் அணி இலங்கை.

காலப் பிரிவு

பத்தாண்டுகளாக வெட்டாதீர்கள். 1986 மார்ச்சில் பாகிஸ்தானை வென்ற பிறகு 1992 டிசம்பர் வரை இலங்கைக்கு ஒரு டெஸ்ட் வெற்றியும் இல்லை. அணி சோர்ந்துவிட்டது என்று மட்டும் எழுதுவது அரைகுறை. 1987 ஏப்ரலில் கொழும்பு குண்டுவெடிப்பை அடுத்து நியூசிலாந்து அணி ஒரே டெஸ்ட்டோடு திரும்பியது. அதன்பின் 1992 ஆகஸ்ட் வரை இலங்கையில் டெஸ்ட்டே நடக்கவில்லை. அந்த ஐந்தாண்டில் ஆடியதெல்லாம் வெளிநாட்டில். சொந்த மண்ணில் சுழலை நம்பிய அணிக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை எந்த வெற்றி விகிதமும் காட்டாது. திரும்பி ஆடிய முதல் டெஸ்ட்டில் 8 விக்கெட்டுக்கு 547 எடுத்தும் ஆஸ்திரேலியாவிடம் 16 ஓட்டங்களால் தோற்றார்கள். 1995 மார்ச்சில் நேப்பியரில் நியூசிலாந்தை 241 ஓட்டங்களால் வென்றதுதான் வெளிநாட்டில் முதல் டெஸ்ட் வெற்றி. இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் 1996 திடீர் அதிசயமாகத் தோன்றாது.

ஆகவே பிரிவுகளைக் காரணங்களின்படி வையுங்கள்: 1975–81 தகுதிக்கான காலம், 1982–87 தொடக்கம், 1987–92 வீடற்ற காலம், 1992–96 எழுச்சி. அதற்குப் பின் எங்கே கோடு போடுவது என்பது தொகுப்பவரின் தீர்ப்பு. 2010இல் காலியில் முரளி ஓய்வு பெற்றது ஒரு நல்ல கோடு; 2015இல் சங்கக்கார விடைபெற்றது இன்னொன்று. 2004 சுனாமியில் அழிந்த காலி மைதானத்துக்கு 2007 டிசம்பரில்தான் டெஸ்ட் திரும்பியது என்பதையும், 2009 மார்ச் 3இல் லாகூரில் அணியின் பேருந்து தாக்கப்பட்டதையும், 2019 டிசம்பரில் டெஸ்ட்டை மறுபடி பாகிஸ்தானுக்குக் கொண்டு சென்றது இதே இலங்கை அணி என்பதையும் அந்தந்த ஆண்டில் சேருங்கள்.

பெயரும் இடமும்

கொழும்பு ஓவல் என்பதும் பி. சரவணமுத்து மைதானம் என்பதும் ஒரே இடம். கெத்தாராம என்பதும் ஆர். பிரேமதாச மைதானமும் அப்படியே. நகரம் "கொழும்பு" என்று மட்டும் எழுதினால் நான்கு டெஸ்ட் மைதானங்களில் எது என்று தெரியாது. "ஓவல்" என்று தனியே எழுதவே கூடாது. லண்டனா கொழும்பா என்று சேர்த்தே எழுதுங்கள். வீரர்களுக்கு ஒரே எழுத்துக்கூட்டலைத் தொடக்கத்திலேயே முடிவு செய்து ஒரு தனிப் பட்டியலில் வையுங்கள். ஜயசூரிய, ஜெயசூர்யா, ஜயசூரியா என்று மூன்று விதமாக எழுதினால் விரிதாள் அவரை மூன்று பேராக எண்ணும். பெரேரா, மெண்டிஸ், டி சில்வா, பெர்னாண்டோ என்ற குடும்பப் பெயர்களை ஒருபோதும் தனியே எழுதாதீர்கள். குசல் பெரேராவும் குசல் மெண்டிஸும் ஒரே அணியில் ஆடியவர்கள்.

மகளிர் அணிக்கு அதே நிரல்களோடு தனித்தாள். அங்கே விகிதம் ஏமாற்றும்: 1998இல் கொழும்பில் பாகிஸ்தானுக்கு எதிராக ஆடிய ஒரே டெஸ்ட்டை 309 ஓட்டங்களால் வென்றதால் வெற்றி விகிதம் 100. எண்ணிக்கை பத்துக்குக் கீழே இருக்கும் எதற்கும் விகிதம் போடாதீர்கள், எண்ணை மட்டும் போடுங்கள். 2024 ஜூலையில் தம்புள்ளையில் இந்தியாவை 8 விக்கெட்டுகளால் வென்று எடுத்த ஆசியக் கிண்ணம் கிண்ணங்களின் பட்டியலில் ஆண்களின் ஆறுக்கு இணையாகத் தெரியவேண்டும், அடிக்குறிப்பாக அல்ல.

வேலை முடிந்ததும் முதல் பக்கத்தின் மேலே, எந்தத் திகதி வரையான ஆட்டங்கள் சேர்க்கப்பட்டன என்று எழுதுங்கள். தொடர் நடந்துகொண்டிருந்தால் அந்தத் தொடர் முடியும்வரை அச்சுக்குக் கொடுக்காமல் நிறுத்தி வையுங்கள். பாதித் தொடரோடு அச்சான எண் எந்த மூலத்தோடும் ஒத்துப்போகாது.